முருங்கை விதையால் கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நாலைந்து பேர் கூடுவோம். தொட்டி மாற்றுவது, கீரை பிடுங்கி வேர் அலசுவது, கடைசியில் மண்வெட்டியும் கையும் கழுவுவது எல்லாம் ஒரே வாளியில்தான். வேலை முடியும்போது வாளித் தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு வந்திருக்கும். அதைக் கீழே கொட்ட எனக்கு மனசு வராது. செடிக்கு அப்படியே ஊற்றலாமே என்பீர்கள். ஊற்றலாம்தான். ஆனால் பூவாளியின் துளைகள் இரண்டே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். ஆர்க்கிட் இலையில் தெளித்தால் காய்ந்ததும் திட்டுத் திட்டாக மண் படியும்.

ஒருநாள் அந்த வாளியைப் பார்த்து என் மகள் கேட்டாள்: "ஊர்ல ஆத்தா குளத்துத் தண்ணிய எப்படிப்பா குடிச்சாங்க?" அவள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். ஊரணியில் எடுத்த தண்ணீரில் ஆத்தா தேத்தாங்கொட்டையை (தேற்றா மரத்தின் விதை) உரசி விடுவார் என்று சொன்னேன். சொல்லிவிட்டால் செய்து காட்ட வேண்டும் அல்லவா! தேத்தாங்கொட்டை இங்கே உடனே கிடைக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் முருங்கை, தோட்டத்து மூலையில் காய்த்துக்கொண்டு நின்றது. அப்படித் தொடங்கியதுதான் இது. மூன்று முறை சொதப்பி நான்காவது முறை சரியாக வந்தது. நீங்கள் முதல் முறையிலேயே சரியாகச் செய்துவிடலாம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. முருங்கை விதை மண்ணையும் தூசியையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். கிருமிகளில் பெரும்பகுதியும் அதோடு சேர்ந்து இறங்கும். ஆனால் முழுவதும் போகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, உரம், பூச்சிமருந்து, ஈயம் போன்றவற்றுக்கு இதை நம்பவே கூடாது. சிங்கப்பூரில் குழாயைத் திறந்தாலே குடிக்கலாம் என்பதால், இங்கே இதைச் செய்வது கற்றுக்கொள்ளவும் தோட்டத்துக்கும்தான். குடிக்க அல்ல.

விதைக்குள் என்ன இருக்கிறது?

கலங்கல் தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கும். ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். ஒட்டினால்தானே கனம் கூடி அடியில் இறங்கும்? முருங்கைப் பருப்பில் தண்ணீரில் கரையும் ஒருவகைப் புரதம் உண்டு. அதற்கு நேர்மின்னூட்டம். அது துகள்களின் மேல் போய் ஒட்டியதும் தள்ளுமுள்ளு நின்று, துகள்கள் கைகோத்துத் திரள ஆரம்பிக்கும். நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் போடுவதும் ஏறக்குறைய இதற்குத்தான்.

நைல் நதிக் கரையில், சூடான் நாட்டுப் பெண்கள் வெள்ளக் காலத்துக் கலங்கல் நீரில் முருங்கை விதையை இடித்துப் போட்டுத் தெளியவைப்பது வழக்கம். சாமியா அல் அசாரியா ஜான் என்ற ஆய்வாளர் 1970களிலும் 80களிலும் அங்கே தங்கி அதை முறையாக ஆராய்ந்து எழுதினார். இன்று இதைப் பற்றி வரும் பல ஆய்வுகளுக்கு அவருடைய வேலை ஓர் அடிப்படை. நம் பக்கம் தேற்றா மரத்துக்கு அதைவிடப் பழைய சாட்சி இருக்கிறது. தேற்றாங்கொட்டையால் கலங்கல் நீர் தெளிவதைச் சங்கப் பாட்டிலேயே உவமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தேவையான பொருட்கள்

நன்றாக முற்றிக் காய்ந்த முருங்கை விதை ஒரு 15. ஒரே அளவுள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் போத்தல் நான்கு, ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். 5 மில்லி தேக்கரண்டி, கல்லுரல், டீ வடிகட்டி, பழைய வேட்டித் துணி, மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய் ஒரு முழம், நீளமான மரக்கரண்டி. அப்புறம் முந்தைய நாள் தமிழ் முரசு நாளிதழ். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். எனக்குக் குழாய்க்கு மட்டும் இரண்டு வெள்ளி செலவு.

படி 1: விதையைத் தேர்ந்தெடுப்பது

என் முதல் சொதப்பல் இங்கேதான். தேக்கா சந்தையில் நல்ல சதைப்பிடிப்பான முருங்கைக்காய் வாங்கி, பச்சை விதையைப் பிதுக்கி அரைத்துப் போட்டேன். தண்ணீர் முன்பைவிடக் கலங்கியது. சாம்பாருக்கு ஆகும் காய் இதற்கு ஆகாது. காய் மரத்திலேயே முற்றி, பழுப்பாகி, கையால் முறுக்கினால் பட்டென்று வெடிக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி மழை பெய்வதால் மரத்திலேயே விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழுப்பு ஏற ஆரம்பித்ததுமே பறித்து, சமையலறை சன்னல் ஓரத்தில் ஒரு வாரம் போடுங்கள். எங்கள் தோட்டத்தில் யாரிடம் கேட்பது என்று தயங்கியபோது, பக்கத்து வீட்டு மக்சிக்கே (மலாய்க்கார அம்மா) ஒரு கட்டுக் காய்ந்த காய் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு அது கெலோர். மேல் மாடியில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண்ணுக்கு மலுங்காய். ஒரே மரத்தடியில் மூன்று பெயர்.

கடையில் வாங்குவதானால் சாப்பிடுவதற்கென்று விற்கும் விதையாகப் பாருங்கள். விதைப்பதற்கென்று வருபவற்றில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கலாம். அது வேண்டாம்.

சிறகு மாதிரி மூன்று பக்கமும் ஒட்டியிருக்கும் தோலை உரித்து, பழுப்பு ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு இருக்கும். வெள்ளையும் இளமஞ்சளும் நல்லது. கறுத்தது, நசநசவென்று இருப்பது, பூச்சி துளைத்தது எல்லாம் குப்பைக்கு. 15 விதையில் எப்படியும் நாலைந்து கழியும்.

படி 2: இடிப்பது

10 பருப்பு எடுத்தால் சுமார் 2 கிராம் வரும். கல்லுரலில் மெதுவாக இடியுங்கள். சம்பல் இடிக்கும் அதே உரல் என்றால் முதலில் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெலாச்சான் (இறால் விழுது) வாசனையோடு தண்ணீர் தெளிந்து என்ன பிரயோசனம்? பருப்பில் எண்ணெய் நிறைய, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் மாவு கொஞ்சம் ஒட்டும். பரவாயில்லை. டீ வடிகட்டியில் சலித்து, மேலே நிற்பதைத் திரும்ப இடியுங்கள்.

மிக்சியிலும் அடிக்கலாம். ஆனால் 10 பருப்பு பிளேடுக்கு எட்டவே எட்டாது.

படி 3: விதைப்பால் தயாரிப்பது

மாவை நேராகக் கலங்கல் தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் பால் எடுக்க வேண்டும். 2 கிராம் மாவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. அதை 200 மில்லி குழாய்த் தண்ணீரில் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மூடிபோட்ட போத்தலில் 5 நிமிடம் விடாமல் குலுக்குங்கள். உப்பு சேர்த்தால் அந்தப் புரதம் நன்றாகக் கரைந்து வெளியே வரும். பிறகு வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். நீர்த்த பால் மாதிரி ஒன்று கிடைக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. 200 மில்லியில் 2 கிராம் என்றால், 1 மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி 5 மில்லி, ஆக 50 மில்லிகிராம். இனி தராசு தேவையில்லை, கரண்டிக் கணக்கே போதும்.

அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுவாரம் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது புளித்துவிடும்.

படி 4: சோதனைத் தண்ணீர்

வாய்க்காலில் அள்ளாதீர்கள். அங்கே எலிச் சிறுநீர் முதல் எதுவும் கலந்திருக்கலாம், பிள்ளைகளோடு செய்யும் வேலைக்கு அது சரிப்படாது. தோட்டத்துச் செம்மண் இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் விடுங்கள். மணலும் கல்லும் இறங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் நான்கு போத்தலிலும் ஒரே அளவாக ஊற்றுங்கள்.

கடையில் பையில் விற்கும் தொட்டிக் கலவை வேண்டாம். என் இரண்டாவது சொதப்பல் அது. அதில் இருப்பது பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளும் மக்கிய இலையும். தூசி எல்லாம் இறங்கியும் தண்ணீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்திலேயே நின்றது. அந்த நிறம் தண்ணீரில் கரைந்தது, மிதப்பது அல்ல. நாம் செய்யும் இந்த எளிய முறையில் அது முழுதாகப் போகாது.

படி 5: நான்கு போத்தல் சோதனை

இந்தப் படியில்தான் அவசரப்படக் கூடாது. எவ்வளவு போட வேண்டும் என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். அதனால்தான் நான்கு போத்தல். முதல் போத்தலில் எதுவும் போடாதீர்கள். இரண்டாவதில் 1 கரண்டி விதைப்பால், மூன்றாவதில் 2, நான்காவதில் 4. அதாவது லிட்டருக்கு 0, 50, 100, 200 மில்லிகிராம். போத்தல் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். அப்புறம் நினைவிருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது.

"ஒண்ணுமே போடாத போத்தல் எதுக்கு?" என்று மகள் கேட்டாள். தண்ணீர் சும்மா வைத்தாலே ஓரளவு தெளியும். விதை எவ்வளவு செய்தது, நேரம் எவ்வளவு செய்தது என்று பிரித்துப் பார்க்க ஒன்று சும்மா இருக்கத்தான் வேண்டும்.

இப்போது கலக்குவது. முதல் ஒரு நிமிடம் வேகமாக, சுழல் விழும் அளவுக்கு. விதைப்பால் எல்லா மூலைக்கும் போய்ச் சேர வேண்டும். போத்தலில் கரண்டி நுழையாவிட்டால் மூடியைப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து 10 நிமிடம், அடிபிடிக்கும் பாயசத்தைத் துழாவுகிற மாதிரி, நிதானமாக. போத்தலாக இருந்தால் படுக்கவைத்து மெல்ல உருட்டுங்கள். 10 நிமிடம் என்றால் 10 நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் கை வலிக்கும், "போதும்ப்பா" என்று குரல் வரும். விடாதீர்கள். துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டுவதற்கான நேரம் இது. வேகமாகக் கலக்கினால் சேர்ந்த திரளும் உடைந்துபோகும்.

ஏழெட்டு நிமிடம் ஆனதும் போத்தலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இதுவரை ஒரே பழுப்பாக இருந்த தண்ணீருக்குள் ரவை மாதிரி சின்னச் சின்னப் பொட்டுகள் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவை பிய்த்துப்போட்ட பஞ்சு மாதிரி பெரிதாகும். பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில் தெளிந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி மினுங்கும். அதைப் பார்த்ததும் என் மகள் போத்தலை யாருக்கும் கொடுக்கவில்லை.

படி 6: அசையாமல் வைப்பது

நான்கையும் மேசையில் வரிசையாக நிமிர்த்தி வைத்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தொடாதீர்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நான் வைத்தேன்.

இப்போது தமிழ் முரசு. நான்கு கண்ணாடிக் குவளைகளில் அந்தந்தப் போத்தலின் மேல்பகுதித் தண்ணீரை ஒரே உயரத்துக்கு ஊற்றி, செய்தித்தாளின் மேல் வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். தலைப்பு எழுத்து மட்டும் தெரிகிறதா, உள்ளே இருக்கும் சின்ன எழுத்தும் படிக்க முடிகிறதா? கலங்கலை அளக்கக் கருவி உண்டு. வீட்டுக்கு இதுவே போதும்.

எங்கள் வீட்டில் வந்தது இது. சும்மா வைத்த போத்தலில் தலைப்புகூட மங்கல். 1 கரண்டியில் தலைப்பு தெரிந்தது. 2 கரண்டியில் விளம்பரத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்துவரை படித்தாள். 4 கரண்டியில்? "அப்பா, இது பால் மாதிரி இருக்கு." உண்மைதான். அதிகம் போட்டால் அதிகம் தெளியாது. துகள்களின் மேல் புரதம் அளவுக்கு மீறி அப்பிக்கொண்டால், இப்போது எல்லாவற்றுக்கும் நேர்மின்னூட்டம் ஆகிவிடும். மறுபடி ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கும். அதோடு, மிஞ்சிய புரதம் வேறு தண்ணீரிலேயே நிற்கும்.

உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். கலங்கல் கூடினால் அளவும் கூடும். லேசாக மங்கிய தண்ணீரில் இந்த முறை சரியாக வேலை செய்யாது. மோதிக்கொள்ளத் துகள்களே போதாது அல்லவா?

படி 7: மேல் தண்ணீரை எடுப்பது

சரித்து ஊற்றினால் அடியில் இருக்கும் பஞ்சு கிளம்பிவிடும். போத்தலை உயரத்தில் வைத்து, மீன்தொட்டிக் குழாயில் முதலில் நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஒரு முனையை விரலால் அடைத்தபடி மறுமுனையைத் தண்ணீருக்குள் விடுங்கள். விரலை எடுத்தால் தானாக இறங்கும். குழாயின் முனை வண்டலுக்கு நான்கு விரல் மேலே இருக்கட்டும். வாயால் உறிஞ்சாதீர்கள். இறங்கும் தண்ணீரை நான்காக மடித்த வேட்டித் துணி வழியாகப் பிடியுங்கள்.

அன்றோ மறுநாளோ செடிக்கு ஊற்றித் தீர்த்துவிடுங்கள். என் மூன்றாவது சொதப்பல், தெளிந்த தண்ணீரை ஒரு வாளியில் மூடாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போனது. இரண்டாம் நாள் முட்டைக்கோசு வேகவைத்த மாதிரி வாடை. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் விதைச் சத்து கிருமிகளுக்குச் சாப்பாடு, அதைத் தின்று அவை மறுபடி பெருகும். இரண்டாவது காரணம் உங்களுக்கே தெரியும். இந்த ஊரில் தேங்கிய தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசு. முட்டை கொசுவாக ஏழு நாள் போதும்.

ஊரில் செய்வதானால்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வெள்ளமோ குழாய் உடைப்போ வந்து, கலங்கல் தண்ணீர்தான் கதி என்று ஆனால் இந்த முறை கைகொடுக்கும். தெளியவைத்து, வடிகட்டி, அதன்பின் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அன்றே குடித்துவிட வேண்டும். கொதிக்கவைப்பதைத் தவறவிடக் கூடாது. தொழிற்சாலைக் கழிவோ வயல் மருந்தோ கலந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தால் இந்த முறையையே மறந்துவிடுங்கள். கொதிக்கவைத்தாலும் அது போகாது.

தேத்தாங்கொட்டை கிடைத்தால்

இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பொத்தான் மாதிரி சின்னதாக, உருண்டையும் தட்டையுமாக இருக்கும். கல் போலக் கெட்டி, இடிக்க முடியாது. மண்சட்டியின் சொரசொரப்பான உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொட்டையைச் சந்தனம் போல் உரசுங்கள். வெள்ளையாக ஒரு குழம்பு வரும். அதில் கலங்கல் தண்ணீரை ஊற்றி, கலக்கி, வைத்துவிட வேண்டியதுதான். ஆத்தா செய்த முறை இதுதான். அளவெல்லாம் கை சொன்னது.

இதில் ஓர் எச்சரிக்கை. தேற்றாவும் எட்டியும் ஒரே பேரினத்து மரங்கள். எட்டிக்கொட்டை கொடிய நஞ்சு. அது பெரியது, காசு மாதிரித் தட்டை, மேலே பட்டுப் போல மெல்லிய ரோமம் இருக்கும். பார்த்துப் பழகாதவர்கள் முகம் தெரியாத இணையக் கடையில் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் முருங்கையோடு நின்றுகொள்ளுங்கள்.

வாழைப்பழத் தோல் ஈயத்தையும் செம்பையும் பிடிக்கும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். ஆய்வகத்தில் அது உண்மை. காயவைத்துப் பொடித்த தோல் அந்த அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் வீட்டில் எவ்வளவு பிடித்தது என்று அளக்க நம்மிடம் வழி இல்லை. அதனால் நான் அதைத் தொடவில்லை. வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரும் அப்படித்தான், வாசனைக்குச் சரி.

செடிகள் பெரிய அளவில் தண்ணீரைச் சுத்தம் செய்வதைப் பார்க்க வேண்டும் என்றால் பிள்ளைகளைப் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். காலாங் ஆறு அங்கே முன்பு சிமெண்ட் வாய்க்காலாக இருந்தது. 2012இல் அதை வளைந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். பூங்காவின் ஒரு பகுதியில் நாணலும் நீர்ச்செடிகளும் அடுக்கடுக்காக இருக்கும். குளத்துத் தண்ணீரை அவற்றின் வேர்ப் படுகை வழியே விட்டு, மருந்தில்லாமல் வடிகட்டுகிறார்கள். என் மகள் அங்கே நின்று கேட்ட முதல் கேள்வி, "இதுல எத்தனை கரண்டி போட்டாங்க?"

மிஞ்சிய வண்டல்

போத்தல் அடியில் நிற்கும் சேற்றைக் கழிவறையிலோ குளியலறை வடிகாலிலோ ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். அது மண்ணும் விதையும்தான். கத்தரித் தொட்டியில் ஊற்றிக் கிளறிவிடுங்கள். துணியில் மிஞ்சிய பிழிசக்கையும் அதே தொட்டிக்குத்தான், ஆனால் மேலாகப் போடாமல் ஒரு விரல் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு வரும். எங்களுக்கு வந்தது.